ஒரு குயர் நோட்டில் விசுவாசம்

பாளையங்கோட்டை ஊசிக்கோபுர மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் வீடு. பணி ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு குயர் நோட்டு வாங்கி வந்தார் அவர். அட்டையில் ‘விசுவாசக் குறிப்புகள்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். “பால் கணக்கு எழுதத்தானே நோட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன்?” என்றார் மனைவி. முன்பக்கம் விசுவாசத்துக்கு, பின்பக்கம் பாலுக்கு என்று உடன்பாடு ஆயிற்று.

எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார். சபை ஐயரிடம், பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப்போக என்றார். மகனிடம், மறதிக்கு வைத்தியம் என்றார். வேதாகமத்தில் கேள்வி கேட்டு மடக்கும் டீக்கடை நண்பரிடம், “உமக்குப் பதில் எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதானவே வருது” என்றார். மூன்றும் பொய்யில்லை.

ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்தால் காரணம் வேறு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் அந்த ஆண்டுக்கு. ஒரு வருஷம் அவர் விரலில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று ஆசீர்வாதம், மற்றது பொறுமை. பொறுமையைத் தட்டிலேயே நழுவவிட்டு, ஆசீர்வாதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சாட்சி சொல்லும் கூட்டத்தில் இதைச் சொல்ல முடியுமா? எழுதத்தான் முடிந்தது.

இந்த வழியில் அவருக்கு முன்னே போனவர் சாதாரண ஆளில்லை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் பிஷப்பாக இருந்த அகஸ்டின், கி.பி. 400ஐ ஒட்டித் தன் வாழ்க்கையை 13 பகுதிகளாக எழுதினார். அதில் 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடிய கதை வருகிறது. பசியும் இல்லை, காயும் அப்படியொன்றும் நல்ல காய் இல்லை. பறித்ததைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். நம்மூரில் புளிய விளாறு இரண்டு நிமிஷத்தில் முடித்துவைத்திருக்கும் வழக்கு. நாற்பது வயது தாண்டிய பிஷப்போ, ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாகத் தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறார்.

1755இல் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் ஜெபக் குறிப்புகள் அவர் இறந்த மறு ஆண்டு, 1785இல் அச்சேறின. அதிகாலையில் எழுவேன் என்ற தீர்மானம் அதில் வருஷா வருஷம் வருகிறது. 1765 ஈஸ்டரன்று அவரே இறங்கி வந்து எட்டு மணிக்குச் சம்மதிக்கிறார். பகல் இரண்டு மணிவரை படுத்துக் கிடக்கிற ஆளுக்கு அதுவே பெரிய முன்னேற்றம் என்று காரணமும் எழுதுகிறார். நம்மவர் இதைப் படித்த அன்றுதான், நாலு மணி ஜெபத்துக்கு வைத்த அலாரத்தை ஐந்தரைக்குத் தள்ளி வைத்தார்.

பக்கத்து முன்னோடியும் உண்டு. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். 1894இல் நூலாக வந்த அந்தக் காப்பியத்தில் 3,000க்கும் மேற்பட்ட பாடல்கள். மண் ஒன்றுதானே என்ற தைரியத்தில் நம்மவரும் வெண்பாவில் இறங்கினார். இரண்டாம் அடியில் தளை தட்டியது. உரைநடைக்குத் திரும்பிவிட்டார்.

சென்ற வாரம் பால்காரர் சில்லறை கொடுத்ததில் பத்து ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது. பின்பக்கக் கணக்கில் அது ஏறவே இல்லை. முன்பக்கத்தில் மட்டும், ராத்திரி பதினொரு மணிக்கு, அரைப் பக்கத்துக்கு ஏறியிருக்கிறது.

மறுநாள் காலையில் பத்து ரூபாய் பால்காரர் கைக்குப் போய்விட்டது. நோட்டில் இன்னும் பதினோரு தாள் மிச்சம்.