நிர்குணத்துக்கு என்ன விலை?

அமெரிக்காவில் வோட்காவுக்குச் சட்டப்படி ஓர் இலக்கணம் இருந்தது. தனக்கென்று குணம் இருக்கக்கூடாது, மணம் இருக்கக்கூடாது, சுவை இருக்கக்கூடாது, நிறம் இருக்கக்கூடாது. பிரம்மத்துக்கு அடுத்தபடியாக இத்தனை 'இல்லை'களால் வர்ணிக்கப்பட்ட வஸ்து இது ஒன்றாகத்தான் இருக்கும். 2020-இல் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும், ஒருவர் 10 டாலருக்கு ஒரு சுவையின்மையும் இன்னொருவர் 30 டாலருக்கு ஒரு சுவையின்மையும் வாங்கிக்கொண்டு போய், என்னுடையதுதான் ருசி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி பார்த்தால், ருசி இருந்தவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

என் மச்சினன் 30 டாலர் கட்சி. நியூ ஜெர்சியிலிருந்து வரும்போதெல்லாம் கிரே கூஸ் கொண்டுவருவான். சுங்கத்தில் தலைக்கு இரண்டு லிட்டர் வரை விடுவார்கள் என்பதால் அவன் மனைவியின் தலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வான். அந்தப் பெண்ணுக்கு வாடையே ஆகாது. சுமப்பதோடு சரி.

"மாமா, இது பிரான்ஸ் சரக்கு. பிரெஞ்சு கோதுமை" என்பான்.

கோதுமை உண்மைதான். ஆனால் எந்தத் தானியமானாலும் 95, 96 சதவீத ஆல்கஹால் ஆகும்வரை வடித்தபிறகு, தான் வயலில் கதிராக ஆடியது அதற்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? நம் ஊர் வோட்காவில் பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹால்தான். வடித்து முடித்தபிறகு கோதுமையும் கரும்பும் ஏறக்குறைய ஒரே சாதி. சமத்துவபுரம் அங்கே நடந்தே விட்டது.

பிரான்ஸ் எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். கிரே கூஸைக் கொண்டுவந்தவர் சிட்னி ஃபிராங்க் என்ற அமெரிக்கர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்து, அதற்குமேல் கட்டப் பணமில்லாமல் வெளியேறியவர். 1997 வாக்கில், எழுபத்தேழு வயதை ஒட்டி, மற்றவர்கள் வாக்கிங் ஸ்டிக் தேடும் காலத்தில், அவர் வோட்கா விற்கக் கிளம்பினார். அப்போது அங்கே உசத்தி என்றால் ஸ்வீடனின் அப்சலூட். இவர் அதன் விலையைப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு மடங்காக வைத்தார். பெயரும் விலையும் முதலில் வந்தன. சரக்கு பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது. பணக்காரர்கள் எதையும் பிரான்ஸ் என்றால் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, பிராந்திக்குப் பேர்போன கோன்யாக் பகுதியில் தயாரிக்க ஏற்பாடு செய்தார். பாட்டிலில் பனி படர்ந்த கண்ணாடி, அதில் பறக்கும் வாத்துகள், அனுப்புவதற்கு ஒயின் மாதிரி மரப்பெட்டி. 2004-இல் பகார்டி நிறுவனம் அந்தப் பெயரை 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அதே வருடம் ஃபிராங்க் தன்னைப் படிக்கவைக்க முடியாத பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு 10 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். என் மச்சினன் வாங்கிய பாட்டில்களால் யாரோ சில ஏழைப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

விஸ்கிக்கு விலை கேட்டால் ஒரு நியாயம் உண்டு. ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். கிடக்கிற காலத்தில் கொஞ்சம் ஆவியாகியும் போகும். அதற்கு இடவாடகை, வட்டி, காத்திருப்பு எல்லாம் சேரும். வோட்காவுக்குக் காத்திருப்பே கிடையாது. இன்றைக்கு வடித்து, தண்ணீர் ஊற்றி 40 சதவீதத்துக்கு இறக்கி, நாளைக்கு லாரியில் ஏற்றலாம். அமெரிக்காவில் பல கம்பெனிகள் வடிப்பதுகூடக் கிடையாது. பெரிய ஆலைகளிலிருந்து சுத்த ஆல்கஹாலை டேங்கரில் வாங்கி, தண்ணீர் கலந்து, கரியில் வடிகட்டி, பாட்டிலுக்குக் கதை எழுதுகின்றன. அந்தக் கதைக்குத்தான் செலவு அதிகம்.

கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஐந்து முறை வடித்தது' என்பது. நெடிய கோபுரம் மாதிரியான வடிகலனில் தட்டுத் தட்டாக ஆவி ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்ன வடிப்பு நடக்கிறது. அப்படியிருக்க ஐந்து என்ன, ஐம்பது என்ன? ஒருமுறை சுத்தமானதை மறுபடி சுத்தம் செய்வது அரைத்த மாவை அரைப்பதுதான். இன்னொரு கதை கிரிஸ்டல் ஹெட். ஹாலிவுட் நடிகர் டான் அய்க்ராய்ட் பங்கெடுத்துக் கொண்டுவந்தது. பாட்டில் முழு மண்டையோடு. ஹெர்கிமர் வைரம் என்கிற படிகக் கற்களின் வழியாக வடிகட்டுகிறார்களாம். மச்சினன் ஒருமுறை அதைக் கொண்டுவந்து ஷோகேசில் வைத்தபோது, மயானக் கொள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று என் மாமியார் அதைத் துணி போட்டு மூடினார்.

2005-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எரிக் அஸிமோவும் அவர் குழுவினரும் 21 வோட்காக்களைப் பெயர் தெரியாமல் ருசி பார்த்தார்கள். எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள். நடுவில் சாதாரண ஸ்மர்னாஃபை ஒப்புக்குச் சப்பாணியாக நுழைத்திருந்தார்கள். முதலிடம் அதற்குத்தான் போனது.

இதைச் சொன்னால் மச்சினன் விடமாட்டான். மித்பஸ்டர்ஸ் என்கிற டி.வி. நிகழ்ச்சியை இழுப்பான். அதில் மலிவு வோட்காவைத் தண்ணீர் ஃபில்டரில் திரும்பத் திரும்ப வடிகட்டி, எது எத்தனை முறை வடிந்தது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். வந்திருந்த நிபுணர் அத்தனையையும் வரிசை பிசகாமல் சொன்னார். கூட வைத்திருந்த உசத்திச் சரக்கைத்தான் முதலில் வைத்தார். 2010-இல் சின்சினாட்டி, மாஸ்கோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறு, ஓர் ஆல்கஹால் மூலக்கூறைச் சுற்றி ஐந்து சொச்சம் நீர் மூலக்கூறுகள் கூடு கட்டுகின்றன, அந்தக் கூட்டின் அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது என்று எழுதிவிட்டார்கள். நாக்கு அதை உணரலாம் என்பது அவர்கள் ஊகம். மச்சினன் அந்த ஊகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சரியாக வடிக்காத அடிமட்டச் சரக்கில் நெடியும் தொண்டை எரிச்சலும் இருக்கும். அது யாருக்கும் தெரியும். அதிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறினால் மரியாதையான மாற்றம் உண்டு. அதற்குமேல் ஏறுவது பர்ஸுக்கு மட்டும்தான் தெரிகிறது. 'ஸ்மூத்' என்கிறார்களே, அதற்கும் அமெரிக்க விதியில் இடம் இருக்கிறது: லிட்டருக்கு 2 கிராம் வரை சர்க்கரை சேர்க்கலாம். போதாக்குறைக்கு, நல்ல வோட்காவை ஃப்ரீசரில் வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஒரு சாஸ்திரம். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போய், மணமும் அடங்கிவிடும். முப்பது டாலர் கொடுத்து வாங்கிய வித்தியாசத்தை உறையவைத்து ஒழிப்பதற்கு ஒரு சம்பிரதாயம்!

வாதத்தை முடிக்க மொட்டைமாடியில் பரீட்சை வைத்தேன். கிரே கூஸும் டாஸ்மாக் வோட்காவும், ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்களில். மச்சினன் ஒன்றை முகர்ந்தான், சுழற்றினான், கண்ணை மூடினான். மற்றதையும் அப்படியே. நெடுநேரம் யோசித்துவிட்டு, "மாமா, எது எதுன்னு முதல்ல சொல்லிடுங்க. அப்புறம் எது ஸ்மூத்துன்னு கரெக்டா சொல்றேன்" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா இரண்டு டம்ளரையும் வாங்கி ஒன்றாக ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, உப்பு போட்டு, ஒரே மடக்கில் முடித்தார். "ரெண்டுலயும் சோடா பத்தலப்பா."

மச்சினன் கேட்டதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. 2008-இல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். 90 டாலர் என்று கேட்டதும் மூளையில் இன்பத்தை அறியும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. குடித்தவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ருசித்திருக்கிறது. பெயரைச் சொல்லாமல் கிரே கூஸைக் கொடுப்பது, ஊறுகாயை ஒளித்துவைத்துவிட்டுத் தயிர்சாதம் போடும் வேலை. மச்சினன் ஒரு வருடம் நியூ ஜெர்சிப் பனியில் ஓவர்டைம் பார்த்து, அந்த வாத்துப் படத்தை எங்கள் முன்னால் வைக்கிறான். எங்கள் கண் விரிவதைப் பார்க்கிறான். அவனுக்கு அங்கேயே கிக் ஏறிவிடுகிறது. குடிப்பது உபரி.

ஆகவே அடுத்த முறை எதைக் கொண்டுவருவது என்று அவன் போனில் கேட்டபோது, எதுவானாலும் சரி என்றேன். பக்கத்திலிருந்த என் மனைவிக்குத்தான் அபிப்பிராயம் இருந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய், அந்த வாத்து பாட்டில் வேணாம்டா. பனிக் கண்ணாடியா இருக்கு, மணி பிளான்ட் வெச்சா தண்ணி எவ்வளவு இருக்குன்னே தெரியல. மண்டையோடு வேணவே வேணாம். போன தடவை பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுத்தியே, அப்சலூட்டோ என்னவோ, அது தெளிவா இருக்கு. வேர் நல்லாத் தெரியுது. அதுல ரெண்டு வாங்கிட்டு வா."

"அக்கா, அது பாதி விலைதான்" என்றான் மச்சினன், வருத்தமாக.

"அப்போ நாலா வாங்கு."