தெருவில் பிறந்த அட்டை

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெக்டரிக்குக் கீழே வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலம்தான் எங்கள் உதைபந்தாட்ட மைதானம். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் உருண்டுவிடும். வாதுகளை விலக்கித் தேடி எடுக்கும்வரை ஆட்டம் நிற்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் டவுன் அணியோடு ஒரு போட்டி. சிங்கள நடுவர் எங்கள் அண்ணன் ஒருவரை வெளியே போகச் சொன்னார். அண்ணனுக்குச் சிங்களம் விளங்காது. எச்சரிக்கிறார் என்று எண்ணித் தலையாட்டிவிட்டு மறுபடி ஓடினார். நடுவரை மதிக்கவில்லை என்று பெரிய சண்டையே மூண்டது.

இதே சங்கடம் 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில், வெம்பிளியிலேயே நடந்திருக்கிறது. ஜெர்மன் நடுவர் கிரைட்லைன் ஆர்ஜென்டினா அணித்தலைவர் ரட்டினை வெளியேற்றினார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று ரட்டின் நகர மறுத்தார். அன்று நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்தார். மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்! 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்துவிட்டன. எங்கள் மைதானத்துக்கு வரப் பல வருடம் பிடித்தது. இன்றோ நடுவர் சட்டைப்பையில் கைவைத்தாலே லயத்து வாசலில் நிற்கிற ஆச்சிக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது.

அட்டைக்கு யோசனை தந்தது தெரு. அந்தத் தெருவில்தான் எங்கள் ஆட்களுக்கு இன்னும் விளங்காத தீர்ப்பு கிடைக்கிறது. அக்கா மகன் ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் ஒரு முடக்கில் பஸ்ஸை முந்தப் போய்ப் பிடிபட்டான். லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். "மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்று நீட்டினான். நீல மையில் அவசரமாகக் கிறுக்கியது முழுக்கச் சிங்களம். என்ன குற்றம், எவ்வளவு பணம், எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்ட வேண்டும் என்பதையே பக்கத்து ஸ்டாண்டில் கேட்டுத்தான் அறிந்தான்.

முடக்கில் முந்தியது தப்புத்தான், தண்டம் கட்டட்டும். ஆனால் 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியிருக்கிறது. தான் செய்த குற்றம் இன்னதென்று தன் மொழியில் அறிந்துகொள்வது அவன் உரிமை. கேட்டால் வம்பு வரும் என்று தயங்குகிறான். லைசன்ஸ் எடுக்கப் போகும்போது நானும் கூடப் போகிறேன், தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் கடிதத்தோடு.