மலை வீட்டில் ஏழு நாள்: விருந்தாளிக்கு ஒரு வழிகாட்டி

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். ‘என்.எஸ்.எஸ். கேம்ப்’ என்று வீட்டில் சொன்னால் அம்மா கொசுவத்திச் சுருளும் பழைய போர்வையும் கட்டிக்கொடுப்பார். ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள், அப்பாவே புது ஷூ வாங்கிவரக் கிளம்புவார். விஷயம் ஒன்றுதான். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம்; அதன் ஏழு நாள் சிறப்பு முகாம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரசுச் செலவில் அரபு படிக்க மொராக்கோ போய், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கிவந்திருக்கிறார்கள். நமக்குக் கல்வராயன் மலை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் ஏறும்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள். சர்க்கரை ஆலை ஓடும் பருவமாக இருந்தால் கச்சிராயபாளையம் வரை முன்னால் கரும்பு டிராக்டர்தான் போகும். அதன் பின்புறத்தைப் பார்க்க எந்த சீட்டும் போதும். கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டவர் போகும், அதற்கடுத்த வளைவுகளில் காலையில் தின்ற பூரி போகும். இந்த வரிசை மாறாது. எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள்.

முகாம் என்றால் பள்ளிக்கூடத்தில் படுக்கை. அங்கே இடம் பற்றவில்லை என்றால் பெண்களை வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்து அனுப்புவார்கள். உங்களை ஏற்றுக்கொண்ட வீட்டில் ஒரு ஆயா இருப்பார். அவரை ‘பாட்டிம்மா’ என்று சினிமாக் குரலில் கூப்பிடாதீர்கள், ‘ஆயா’ போதும். அவர் உங்களைக் கண்ணு என்பார். கூட வந்திருக்கும் பேராசிரியர் அவரை ‘பயனாளி’ என்பார்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மொராக்கோவில் வெள்ளிக்கிழமை மதியம் கூஸ்கூஸ். கோதுமை ரவையைக் கையால் உருட்டி, ஆவியில் வேகவைத்து, ஒரே பெரிய தட்டில் குவித்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். வீட்டம்மா பேச்சோடு பேச்சாகக் கறித்துண்டை விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். போய்வந்தவர்கள் இதை ஓர் அதிசயம் போல எழுதுகிறார்கள். கல்வராயனில் அந்த இடத்தில் சாமைச் சோறு. பார்வைக்கும் கிட்டத்தட்ட அதேதான், பொடிப்பொடியாக. காலையில் வாசலில் திரிந்த சேவலை மதியம் காணவில்லை என்றால் தேடாதீர்கள், உங்கள் தட்டில்தான் இருக்கும். நீங்கள் சைவமாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் சொன்னால் சேவல் திரும்பாது.

சாமை சும்மா வருவதில்லை. தோல் கெட்டியான தானியம். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் எடுத்துப் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். ஆயா முறத்தைப் பிடித்திருப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே தூக்கும்போது உமி பறக்கிறது. கீழே வரும்போது மணிக்கட்டை லேசாகச் சாய்க்கிறார், கல் ஒரு மூலைக்கும் அரிசி இன்னொரு மூலைக்கும் ஒதுங்குகின்றன. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். ‘நான் செய்றேன் ஆயா’ என்று வாங்கிவிடாதீர்கள். வாங்கினால் கோழிகளுக்கு அன்று விருந்து.

மூன்றாம் நாள் விழிப்புணர்வுப் பேரணி. ‘கை கழுவுவோம், நோய் தவிர்ப்போம்’ என்ற அட்டை உங்கள் கைக்கு வரும். குடம் சுமந்து எதிரே வரும் அக்கா நின்று, ‘தண்ணிக்கு எங்க போறது பாப்பா?’ என்று கேட்டால் கோஷத்தை இன்னும் உரக்கப் போடுவதே வழக்கம். மாலையில் மரம் நடுவிழா. சுற்றிலும் காடு இருக்கும் இடத்தில் எதற்கு மரக்கன்று என்று ஊர்க்காரர் யாரும் கேட்க மாட்டார்கள்; விருந்தாளியிடம் கேட்பது மரியாதை இல்லை. படம் எடுத்து முடிக்கும்வரை ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

பேச்சில் கவனம். ‘இங்கே டைம் நின்னுபோச்சுல்ல!’ என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தாரர்களின் கையில் இருந்து, 1976ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. உங்களுக்குக் களி கிண்டிப்போடும் ஆயா இளவயதில் ஜாகிர் குடி. இந்த ஒரே ஆயுளில் ஜாகிரைப் பார்த்து, தாசில்தாரைப் பார்த்து, 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதைப் பார்த்து, இப்போது உங்கள் செல்ஃபி ஸ்டிக்கையும் பார்க்கிறார். காலம் நின்றிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாராயம் எங்கே காய்ச்சுகிறார்கள் என்றும் கேட்காதீர்கள், ஜோக்காகக்கூட. 2024 ஜூனில் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 60 பேருக்கு மேல் செத்தது சாராயத்தில் கலந்த மெத்தனாலால். அது ஆலைச் சரக்கு, சாமைக் கொல்லையில் விளைவதல்ல. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலைமேல் ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று அரசைக் கேட்டது. அதை அந்த வீட்டுக்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் லெட்டர்பேட் இல்லை.

மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர்ப் படகு எல்லாம் ஆறாம் நாளுக்கு. அதற்கு வழிகாட்டி தேவைப்படாது, நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஏழாம் நாள்தான் சிக்கல். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்த வீட்டுப் பெண், ஒன்பதாவது படிப்பவள், உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவாள். பாதி வழியில் கேட்பாள்: ‘அக்கா, நான் ஒரு ஏழு நாள் உங்க வீட்டுல வந்து தங்கட்டுமா?’ இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். ‘இப்ப எக்ஸாம்’ என்பது நல்ல பதில். ‘அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பது இன்னும் நல்லது, டவர் இல்லாத இடத்தில் யாரும் சரிபார்க்க முடியாது. உண்மையிலேயே கேட்டுவிடாதீர்கள். ‘எந்த ரூம்ல படுக்கவைக்கிறது? பக்கத்து ஃபிளாட்ல என்ன சொல்வாங்க?’ என்று அம்மா ஆரம்பித்தால், எங்கே படுத்தோம் என்பதை நீங்களும் சொல்ல வேண்டிவரும். ஆறு இரவும் அந்த வீட்டின் ஒரே கட்டில் உங்களுக்கு, ஆயா தரையில்.

ஊர் திரும்பியதும் அறிக்கை எழுதச் சொல்வார்கள். படங்கள் ஒட்டுங்கள், பேரணி, மரக்கன்று, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை. கடைசிப் பக்கத்தில் ‘பயனடைந்தோர் பெயர்’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள், திருத்தி எழுதிவரச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.