நீச்சல் பழகுமுன் ரெகுலேட்டர் வாங்குவது எப்படி?

கடலுக்கடியில் மூச்சுவிட ஆசை வந்துவிட்டதா? உடனே ரெகுலேட்டர் வாங்கிவிடுங்கள். நீச்சல், பயிற்சி வகுப்பு, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஊரில் கடல் கிடையாது. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தால்தான் அலையையே பார்க்க முடியும். ஆகவே வாங்கிய பொருள் நனைந்து கெட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். கொளவாய் ஏரி இருக்கிறதே என்பீர்கள். அது ரயில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு.

பணத்தை எடுக்கும் முன் சரக்கைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் கெத்தாகப் பேசலாம். நிரப்பிய சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே நெஞ்சுக்குள் வாங்க முடியாது. சிலிண்டர் தலையில் மாட்டும் 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்' அதைச் சுமார் பத்து பாருக்கு இறக்கும். வாயில் கடித்துக்கொள்ளும் 'செகண்ட் ஸ்டேஜ்' நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று கொடுக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அது 2 பார், 18 மீட்டரில் 2.8 பார். "அடுப்புக்குத்தான் ஒண்ணு இருக்கே, இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால் கோபப்படாதீர்கள். இரண்டும் சொந்தக்காரர்கள்தான். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பிரான்ஸில் கார்களை காஸில் ஓட்டினார்கள். அதற்காக எமில் கான்யான் என்ற எஞ்சினியர் செய்த வால்வைத்தான் அவரும் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் சேர்ந்து டைவருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 1943-ல் அக்வாலங் என்ற டைவிங் மூச்சுக்கருவி பிறந்தது இப்படித்தான்.

இனி தேர்வு. கடையில் இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதுதான் உங்களுக்கு ஏற்றது. குறிப்பாக, பனிக்கடியில்கூட உறைந்துபோகாது என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். ஐரோப்பியத் தரச்சான்று 10 டிகிரிக்குக் கீழே இருப்பதைத்தான் குளிர்ந்த நீர் என்கிறது. மார்கழி மாதத்திலும் மாமல்லபுரத்துக் கடல் 25 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இருந்தால் என்ன, என்றைக்காவது அண்டார்க்டிகா போக நேரலாம். இந்த மாடல்களில் குளிருக்காக வைத்திருக்கும் 'சீல்' நம் கடலில் வேறொரு வேலை செய்யும்: மணலும் வண்டலும் உப்பும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உள்ளே புகாமல் தடுக்கும். அதை வாங்க உருப்படியான காரணம் இது ஒன்றுதான். கடையில் சொல்லிவிடாதீர்கள், விவரமான ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆழத்திலும் சமரசம் கூடாது. 50 மீட்டருக்குச் சோதித்தது என்றால் நெஞ்சு நிமிரும். ஆரம்பநிலை டைவிங் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தவருக்கே 18 மீட்டர்தான் எல்லை. 2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் சயன்டிஃபிக் எக்ஸ்ப்ளோரேஷன் சொசைட்டியும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே மூழ்கித் தேடியபோது, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தள்ளிச் சுவர்களையும் வெட்டிய கற்களையும் கண்டார்கள். கிடந்த ஆழம் 5 முதல் 8 மீட்டர். பல்லவர் காலத்துக் கல் என்றாலும் உங்கள் ரெகுலேட்டரின் தகுதிக்கு அது குறைச்சல்தான். குப்பத்தில் படகில் சாய்ந்து வலை பிரிக்கும் பெரியவரிடம் மட்டும் பெருமையடிக்க வேண்டாம்.

"அம்பது மீட்டர் போவும்ணே."

"அது போவும். நீ போவியா?"

இதற்குப் பதில் எந்த அட்டையிலும் அச்சிடவில்லை. தண்ணீர் தெளிந்திருக்கிறதா, நீரோட்டம் வன்னியா தெண்டியா, அதாவது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் பாலாற்றில் வெள்ளம் வந்து வாயலூருக்குக் கிழக்கே கடல் பழுப்பாகிவிட்டால், எத்தனை விலை ரெகுலேட்டர் என்றாலும் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பிஸ்டன் வகையா டயாஃபிரம் வகையா என்று கேட்கவே கேட்காதீர்கள். பேலன்ஸ் இல்லாத சாதாரண பிஸ்டன் மாடலில் அசையும் பாகங்கள் கம்மி, சர்வீஸ் செலவும் கம்மி. சிலிண்டர் தீரும் நேரத்தில் மூச்சிழுக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். புதிதாகக் கற்பவருக்கு அது போதும் என்ற உண்மை வெளியே தெரிந்தால் இந்த வியாபாரம் என்னாவது? சிலிண்டரில் மாட்டும் முனை டின்னா (திருகுவது) யோக்கா (கவ்விப் பிடிப்பது) என்றும் விசாரிக்க வேண்டாம். டின் வாங்கிக்கொண்டு போய், அங்கே யோக் சிலிண்டர் மட்டும் இருந்தால், அடாப்டர் வாங்க இன்னொரு தடவை கடைக்குப் போகும் பாக்கியம் கிடைக்கும்.

வாடகை ரெகுலேட்டர் கைக்கு வந்தால் அதை மட்டம் தட்டுவது மரபு. தட்டுவதற்கு முன் வாயில் வைக்கும் ரப்பரைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அதைக் கட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் டை தளர்ந்திருந்தால், கடலுக்கடியில் ரப்பர் உங்கள் பல்லிலும் ரெகுலேட்டர் தனியே தண்ணீரிலும் நிற்கும். மஞ்சள் ஹோஸில் வரும் ஆக்டோபஸ் என்ற உபரி செகண்ட் ஸ்டேஜ், பக்கத்து ஆளுக்குக் காற்றில்லாமல் போனால் கொடுப்பதற்கு. அதை மணலில் இழுத்துக்கொண்டு போனால் வால்வில் மணல் துகள் மாட்டும். தேவைப்படும் நேரத்தில் வாயில் வைத்தால் காற்றோடு உப்புத் தண்ணீரும் வரும். மார்போடு கிளிப்பில் மாட்டி வையுங்கள். (இதில் கிண்டல் இல்லை.)

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பார்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் டஸ்ட் கேப்பைத் துடைத்து மூடாமலும், செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பட்டனை அமுக்கிக்கொண்டும் ஊறவைத்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும். சர்வீஸ்காரர் உங்கள் பெயரை மறக்கவே மாட்டார். பல கம்பெனிகள் ஆண்டுக்கொரு தடவை அல்லது 100 டைவுக்கு ஒரு தடவை, எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. பரணில் தூங்கினாலும் ஓ-ரிங் ரப்பருக்கு வயசாகும். உங்கள் பிராண்டுக்குப் பழகிய மெக்கானிக்கும் ஸ்பேர் கிட்டும் பக்கத்தில் இல்லையென்றால், கூரியர் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் படித்தபின் வாங்கியே தீருவேன் என்பவர் வாங்கட்டும். மற்றவர்கள் முதலில் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்று வாங்குங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சினால் அது அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். ரெகுலேட்டர் வாடகைக்குக் கிடைக்கும்.