இருவர்க்குரிய மீன் குழம்பில் தலைப் பங்கீடு: ஒரு கள ஆய்வு

1.0 தோற்றுவாய்

குமாரலிங்கபுரத்தில், இரண்டே பேர் குடியிருக்கும் ஒரு வீட்டில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு வைப்பது எங்ஙனம் என்பதே இவ்வாய்வின் பொருள். "சட்டியில் போட்டால் கொதிக்கப் போகிறது, இதற்கு ஒரு கட்டுரையா?" என்பார் உளர். அவர்கள் அண்மையில் எந்தப் பன்னாட்டுக் கருத்தரங்குக்கும் போகாதவர்கள் என்று துணியலாம். ஒரு நாவலில் வரும் உவமைகளை எண்ணி, எண்ணியதை அட்டவணையாக்கி, அட்டவணையில் உள்ளதை மறுபடி வாக்கியமாக்கி, 'மேற்கண்ட அட்டவணையால் அறியலாகிறது' என்று முடித்தால் முனைவர் பட்டம் கிடைக்கிற நாட்டில், குழம்பில் கிடக்கும் துண்டங்களை எண்ணுவது பாவமாகாது. துண்டங்களையாவது எண்ணி முடித்தபின் தின்னலாம்.

1.1 ஆய்வு எல்லை

கிழக்கே அடுப்பு, மேற்கே தண்ணீர்க் குடம், வடக்கே கொல்லைக் கதவு, தெற்கே பூனை.

1.2 மாதிரிக் கூறு

இருவர். ஆய்வாளர் ஒருவர், அவர் மனைவியாகிய இணை ஆய்வாளர் ஒருவர். மாதிரி சிறிது என்று புள்ளியியலார் முறையிடக்கூடும். ஊரில் மற்றவர்கள் அவரவர் வீட்டில் சாப்பிடுகிறார்கள், என்ன செய்வது?

1.3 கருதுகோள்

குழம்பு நன்றாக வரும்.

2.0 முன்னாய்வுகள்

தமிழில் எந்த ஆய்வும் திணைக் கோட்பாட்டைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஊறுகாய் பற்றிய ஆய்வானாலும் விலக்கில்லை. அகப்பொருள் இலக்கணப்படி மீன் நெய்தலுக்கு உரியது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே விரிந்து கிடக்கும் எங்கள் வறண்ட காட்டை எந்தத் திணையில் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். இங்கே திரிவதற்கு முன்னால் அவை இருந்ததற்குச் சான்றில்லை. இருப்பது வேலிக்கருவை, அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது. ஆகவே குமாரலிங்கபுரத்தில் மீன் குழம்பு கொதிப்பது திணைமயக்கம். இந்த ஒரு வரியை நீட்டினால் தனியே ஒரு நூல் ஆகும். நீட்ட மாட்டேன், பசிக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. பாலைக்குரிய உணவு வழிபறித்த பொருளும் ஊர்புகுந்து கொள்ளையிட்ட பொருளும் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு கிலோ பாறை என்ன விலை என்று கேட்டவர்கள், இலக்கணம் இன்றுவரை வழுவவில்லை என்று சாட்சி சொல்வார்கள்.

பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர் 'நான் யார்?' என்ற கேள்வியை உலகத்துக்குக் கொடுத்தார். இவ்வாய்வாளர் அதே வட்டாரத்தில் இருந்துகொண்டு 'தலை யாருக்கு?' என்று கேட்கிறார். இரண்டும் தலைக்கனம் தொடர்பான வினாக்களே.

3.0 மீன் வரத்து

கடல் இங்கிருந்து கண்ணுக்கு எட்டாது, வண்டிக்கு எட்டும். வேம்பாரிலோ மூக்கையூரிலோ தூத்துக்குடியிலோ ஏலம் எடுத்த மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டியின் பின்னால் கட்டுண்டு, ஹாரன் முழங்கத் தெருவுக்குள் வரும். தரம் பற்றிய ஒரே எழுத்தில்லா ஆவணம் மீன்காரர் வாக்குதான்: "காலையில கடல்ல துள்ளுனது தாயி!" (மீன்காரர், வண்டி மேலிருந்து அருளியது; இரண்டாம் ஹாரனுக்குப் பின், மூன்றாம் ஹாரனுக்கு முன்; நாய் குரைத்ததால் ஈற்றுச் சீர் சிதைந்த பாடம்.) இதில் 'காலையில' என்பது எந்தக் காலை என்பதில் உரைகாரர்கள் வேறுபடுகின்றனர். கீழவீட்டு மதினி 'முந்தாநாள் காலை' என்று உரை கொள்வார். இணை ஆய்வாளர் உரை எழுதுவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பாக இருந்தால் எடை போடச் சொல்கிறார், பழுப்பாக இருந்தால் "நாளைக்கு வாங்கண்ணே" என்கிறார். விரலால் அமுக்கி, குழி விழுந்தபடியே நின்றால் நாளைக்கும் வரச் சொல்வதில்லை. மூல பாடத்தைச் செவுளில் சோதிக்கும் இந்த முறை நம் பதிப்பாசிரியர்கள் சிலருக்கும் வாய்த்திருந்தால் எத்தனையோ பதிப்புகள் அச்சேறாமலே நின்றிருக்கும்.

கண்மாய் பெருகிய வருசம் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் வரும். அவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. ஆனாலும் ஒரு குறிப்பு. கண்மாய் மீனில் வரும் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசத்திலும் அதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. மண்ணிலிருந்து வந்தால் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு முட்ட இழுத்துக்கொள்கிறோம். கெண்டையிலிருந்து வந்தால் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நாலு தரம் உரசிக் கழுவுகிறோம். மண்வாசனை இலக்கியம் பற்றி எழுதும் திறனாய்வாளர்கள் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டுகிறேன்.

4.0 செய்முறை

4.1 உப்பு: தேவையான அளவு. இதற்கு மேல் எந்தச் சமையல் நூலும் வாய் திறந்ததில்லை.

4.2 புளி: எலுமிச்சை அளவு என்பது மரபு. எந்த ஊர் எலுமிச்சை, எந்த மாதத்து எலுமிச்சை என்று மரபு சொல்லவில்லை. இரண்டு பேருக்குப் பாதி எலுமிச்சை போதும் என்கிறார் இணை ஆய்வாளர். மீனில் நேரம் ஆக ஆக ட்ரைமெத்திலமின் என்ற ஆவி உண்டாகிறது. அடுத்த வீட்டுக்குச் சேதி சொல்வது அதுதான். புளியின் அமிலம் அதைப் பிடித்துக் காற்றில் பறக்காத உப்பாக மாற்றிவிடுகிறது. வேதியியல் தெரிவதற்குப் பல தலைமுறை முன்பே எங்கள் பாட்டிகள் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள், காப்புரிமை கேட்கவில்லை.

4.3 மிளகாய்: கைக்குக் கிடைத்தது. குண்டு வத்தல் என்றால் நிறமும் உறைப்பும் ஒருங்கே கிட்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதைக் கிள்ளும்போது கொஞ்சம் மரியாதையோடு கிள்ளுகிறோம்.

4.4 அடுப்பு: கேஸ்.

4.5 கொதி: மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, பிறகு புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மல்லித்தூள். பச்சை வாடை போய், அரைத்த தேங்காய் சேர்ந்து, எண்ணெய் மேலே பிரிந்து ஓரத்தில் சிவந்த வளையம் கட்டியதும் மீன். இந்த இடத்திலிருந்து கரண்டிக்கு அனுமதி இல்லை. மீனின் சதையைக் கட்டி வைத்திருக்கும் இழை ஆட்டுக்கறியினதைப் போல வலுவானதல்ல, சீக்கிரம் இளகிவிடும். கரண்டி பட்டால் துண்டம் உதிர்ந்து குழம்பு கூழாகும். ஆதலின் பழந்துணியால் சட்டியின் இரு காதையும் பிடித்து, ஒரு அரைச் சுற்று இடம், ஒரு அரைச் சுற்று வலம். குழம்பு விளிம்பு வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும். "கரண்டியத் தூக்குன கைய ஒடிச்சுருவேன்" (இணை ஆய்வாளர், அடுப்படி உரை, முதல் கொதிக்கும் இரண்டாம் கொதிக்கும் நடுவே). ஏழெட்டு நிமிடத்தில் இறக்கலாம்.

5.0 தலை

இனிதான் ஆய்வு. ஒரு மீனுக்குத் தலை ஒன்று. உண்போர் இருவர். இந்த எளிய கணக்கை இதுவரை வெளிவந்த சமையல் நூல்கள் எல்லாம் மௌனமாகத் தாண்டிப் போயிருக்கின்றன. 'இருவருக்குப் பரிமாறலாம்' என்று எழுதுகிறார்கள். எப்படிப் பரிமாறுவது என்று எழுதுவதில்லை. தைரியம் இல்லை.

எல்லா மீனிலும் இச்சிக்கல் எழாது. நெத்திலியின் தலையைக் கிள்ளித் தெற்கு எல்லைக்கு எறிந்துவிடுகிறோம். சாளையில் தட்டு நிறையத் தலை. பங்கு என்ற பேச்சே வராது. வஞ்சிரம் துண்டமாக வருகிறது, தலை கடையிலேயே தங்கிவிடுகிறது. நண்டுக்குத் தலையும் நெஞ்சும் ஒன்றாய் ஒட்டியிருப்பதால் சட்டப்படி தலை இல்லை. கணவாயில் தலையிலிருந்தே கால் முளைக்கிறது, பாடநூல்கள் தலைக்காலி என்கின்றன. அதைப் பங்கிடப் புகுந்தால் கால் தகராறும் சேர்ந்துகொள்ளும். ஆக, தீராச் சிக்கல் பிறக்குமிடம் முக்கால் கிலோ விளமீன். சரியாக இரண்டு பேருக்கான மீன் அதுதான் என்பது இயற்கையின் குசும்பு.

கூட்டுக் குடும்பக் காலத்தில் தலை வீட்டுப் பெரியவர் தட்டுக்குத் தானாக நடந்து போனது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சமைத்த பெண்கள் கடைசியில் உட்கார்ந்து வாலையும் சட்டியை வழித்த குழம்பையும் சாப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பந்தியில் யார் எதைத் தின்றார் என்பது சோற்றோடு சோறாக மறைந்துவிடும். இரண்டு பேர் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்காரும்போதுதான் தலை எந்தத் தட்டில் கிடக்கிறது என்பது வெட்டவெளிச்சமாகிறது. 'உணவும் பண்பாடும்' என்று தலைப்பிட்ட ஆய்வேடுகளில் உணவு வருகிறது, பண்பாடு வருகிறது, யார் வாலைத் தின்றார் என்பது மட்டும் வருவதில்லை. அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தலை கிடைத்தவர்கள்.

தீர்வுகள் சில முன்மொழியப்பட்டுள்ளன. சமைத்தவருக்கே தலை என்பது உழைப்புக் கொள்கை. காசு கொடுத்தவருக்குத் தலை என்பது முதலீட்டுக் கொள்கை. "வாங்குனது நானு" என்று ஆய்வாளர் வாதிட்டபோது, "பேரம் பேசுனது யாரு? செவுளப் பாத்தது யாரு? நீங்க பையப் புடிச்சீங்க" (இணை ஆய்வாளர், அடுப்படி உரை, மேலது, ஆனால் குரல் உயர்த்தி, வலக்கையில் அரிவாள்மனைக் கட்டையுடன்) என்ற மறுப்பு எழுந்தது. முதலீட்டுக் கொள்கை அத்தோடு கைவிடப்பட்டது.

சிங்கப்பூரில் வேறு வழி கண்டார்கள். 1949 வாக்கில் எம்.ஜே. கோமஸ் என்ற கேரளத்துக்காரர் அங்கே மீன்தலைக் கறியை அறிமுகப்படுத்தினார் என்று சொல்வார்கள். சீன வாடிக்கையாளர்களுக்குத் தலை பிடிக்கும் என்று கண்டு செய்தது. உடம்பை ஒதுக்கித் தலையை மட்டும் சட்டியில் ஏற்றிவிட்டார்கள். சண்டைக்குக் காரணமான பொருளை விட்டுவிட்டு மற்றதை நீக்குவது எவ்வகைத் தீர்வு என்பது ஆய்வாளருக்கு விளங்கவில்லை. இரண்டு பேருக்கு இரண்டு தலை வாங்கப் புகுந்தால் எங்கள் தெரு மீன்காரர் கூடவே இரண்டு உடம்பையும் தள்ளிவிட்டுத்தான் போவார்.

எஞ்சியது பாதித்தலைக் கொள்கை. தலையை நெடுக வகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கண், ஒரு செவுள் மூடி, ஒரு கன்னம். கன்னம் என்பது கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவு கிடக்கும் வெள்ளைச் சதை. விரல் நுனியால் ஒரு தள்ளுத் தள்ளினால் முழுசாக, உதிராமல், குழம்பைக் குடித்தபடி கழன்று வரும். மீனில் வேறெங்கும் அந்த ருசி இல்லை. காகிதத்தில் இக்கொள்கை குறையற்றது. நடைமுறையில் மண்டை எலும்பு நடுக்கோட்டில் பிளக்காமல் தன் இஷ்டத்துக்குப் பிளக்கிறது. மூளை யாருக்கும் இல்லாமல் குழம்பில் கரைகிறது. பிசிறு எலும்பு அடுத்த வாய் சோற்றில் தொண்டையைத் தேடுகிறது. தவிர, நாக்குமீன் என்று ஒன்று உண்டு: வளர்ந்த நாக்குமீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். அதை வகிர்ந்தால் ஒருவருக்கு இரு கண், மற்றவர் குருடு. ஒரு மீனுக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாத விதியை இயற்கை அறிவியலார் நிராகரிப்பர். இலக்கியக் கோட்பாட்டாளர் அதற்கு ஒரு பெயர் வைத்து அடுத்த கருத்தரங்குக்குப் பதிவுக் கட்டணம் வாங்குவர்.

இவ்வளவும் விவாதித்து முடிக்கையில் சோறு ஆறிவிட்டது. ஊடல் மருதத்தின் உரிப்பொருள். ஆகவே நெய்தலில் பிடித்து, பாலையில் விற்று, மருதத்தில் பரிமாறப்பட்டது இம்மீன். ஒரே சட்டியில் மூன்று திணை. பரிசுக்குரிய கண்டுபிடிப்பு என்று ஆய்வாளர் கருதுகிறார். இணை ஆய்வாளர் அப்பளம் எடுக்கப் போய்விட்டார்.

5.1 மறுநாள்

மீன் குழம்பு வைத்த அன்றைவிட மறுநாள் ருசி என்பது இப்பகுதியில் ஆய்வு தேவைப்படாத உண்மை. ராத்திரி முழுக்கத் துண்டத்துக்குள் புளியும் உப்பும் உறைப்பும் இறங்குகின்றன. தலையில் குழிகளும் அறைகளும் மிகுதி, ஆகவே அதில்தான் அதிகம் இறங்கும். இதை அறிந்த இணை ஆய்வாளர் பரிமாறும்போதே பெருந்தன்மையாகச் சொன்னார்: "சண்ட எதுக்கு? தல சட்டியிலயே கெடக்கட்டும். காலையில பாத்துக்குவம்." ஆய்வாளர் இதைச் சமரசம் என்று பதிவு செய்து, நடுத்துண்டத்தோடு உண்டு, நிறைவாக உறங்கினார். யார் தின்பது என்ற வினாவிலேயே நின்றுகொண்டு, எப்போது தின்பது என்ற வினாவை எந்த ஆசிரியரும் தொடாதது இத்துறையின் பெருங்குறை.

காலையில் ஆய்வாளர் எழுந்து அடுப்படிக்குள் நுழைந்தபோது பழைய சோற்றுக் கும்பா பாதி காலி. சட்டியில் தலை இல்லை. தெற்கு எல்லையில் பூனை சான்று ஏதுமின்றித் தூங்கிக்கொண்டிருந்தது. தலை எங்கே என்ற நேரடி வினாவுக்குக் கிடைத்த விடை வருமாறு: "ம்ம்… ம்ஹும்ம்." (இணை ஆய்வாளர், அடுப்படி உரை, பழைய சோற்றுப் படலம், இரு கன்னமும் நிறைந்திருந்ததால் சொல் தெளிவில்லை, பொருள் தெளிவு, பாடபேதம் இல்லை.)