விளக்கில்லாத ஓடுபாதைகள்

நான் விமானம் ஓட்ட வந்த எண்பதுகளில் சின்ன ஊர்களின் ஓடுபாதைகள் பலவற்றில் விளக்கே கிடையாது. பொழுது சாய்ந்தால் விமான நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ ஒரு மெஸ்ஸில் ஆவி பறக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு விடியும்வரை தூங்குவோம். வசதிக் குறைவு என்று அன்று எல்லோரும் சலித்துக்கொண்ட அந்த இருட்டுதான் எங்களை உறங்கவைத்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

இரவில் பறப்பது புதிதல்ல. 1949இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையைப் பற்றி மூத்த கேப்டன்கள் கண்கள் மின்னச் சொல்வார்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடுமாம். அவர்களுக்கு இரவு என்பது சாகசம். எனக்கோ, அந்த வயதில், நிலவொளியில் மேகங்களைப் பார்க்கக் கிடைத்த வரம். காக்பிட் கதவும் அப்போது இப்படி இறுகிக் கிடக்கவில்லை. பயணிகளின் குழந்தைகள் எட்டிப் பார்த்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் விமானம் ஏறும் என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியிலேயே பாதிக் களைப்பு ஓடிவிடும்.

இன்று ஓடுபாதைகள் இரவெல்லாம் ஒளிர்கின்றன, கருவிகள் மூடுபனியிலும் இறக்கிவிடுகின்றன, பணி அட்டவணை கைப்பேசிக்கே வந்து சேருகிறது, அதே கைப்பேசியில் மாறியும் விடுகிறது. இயந்திரம் இளைப்பாற வேண்டியதில்லை என்றானதும் மனிதனுக்கும் வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுவிட்டோம். ஆனால் இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடம்பு தாழ்ந்துபோகும் நேரம் மட்டும் நாகபுரிக் காலத்தில் இருந்தபடியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலோ ஆலையிலோ இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் மாண்டார்கள். குரல் பதிவுக் கருவியில் கேப்டனின் குறட்டை கேட்டது. பயணத்தின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்து, இறங்கும் வேளையில் விழித்தவருக்குத் தூக்கக் கலக்கம் தெளியவில்லை என்றது விசாரணை.

2024 ஜனவரியில் விமானிகளின் பணி, ஓய்வு நேரத்துக்குப் புது விதி வந்தது: வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம், இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. 2025 நவம்பரில் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் ஒரு நிறுவனத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின, இரவு விதி அதற்குத் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. விமானங்களைப் பெருக்கிய வேகத்தில் அவற்றை ஓட்டும் ஆட்களைப் பெருக்காமல் விட்டதற்கு விமானியின் தூக்கத்தில் கைவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அன்று இருட்டு தானாகத் தந்த ஓய்வை இன்று சட்டம்தான் தர வேண்டும். ஆகவே, விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது, விமானம் தாமதமாகும் என்று அறிவித்தால், தயவுசெய்து கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். அந்தத் தாமதமும் உங்கள் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.