மருமவனே, கட்டடத்தைக் கெடுக்க வழி கேளும்

வாரும் மருமவனே, உக்காரும். அசோசியேஷன் செயலாளர் ஆயிட்டீராமே! போட்டியில்லாமத் தேர்வாம்ல. இருக்காதா பின்ன? பொதுக்குழு நடந்த அன்னைக்கு ஊர்ல இல்லாத ஆளு நீரு ஒருத்தர்தான். வராதவன் தலையில கட்டுறதுதானவே அடுக்குமாடி சனநாயகம். பதவி வந்துட்டு, இனி தள்ளிவிட முடியாது. தாய்மாமன் நாலு யோசனை சொல்லுதேன், குறிச்சுக்கிடும்.

மொத யோசனை. மெயின்டனன்ஸ் தொகையை ஏத்திராதேயும். வீட்டுக்குள்ள மாடுலர் கிச்சனுக்கு லட்சக்கணக்குல கொட்டுன மனுசன், மாசம் ஐநூறு ரூவா கூடக் கேட்டா எழுத்துல விளக்கம் கேப்பாரு. அவரு மனசை நோவடிக்கலாமா? பெரிய மராமத்துக்குன்னு சேத்து வச்ச கார்பஸ் பணம் பேங்குல சும்மாத்தான கிடக்கு. அதை எடுத்து வாசல்ல கிரானைட்டு ஒட்டி, பித்தளைத் தகட்டுல உம்ம பேரைப் பொறிச்சுரும். லிஃப்டு ரிப்பேருக்கு அப்புறம் பாத்துக்கிடலாம். படி ஏறுனா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர்மாரே சொல்லுதாக.

ரெண்டாவது யோசனை. மொட்டைமாடி ஒழுகுதுன்னு மேல்வீட்டுக்காரர் வந்தா, உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுராதேயும். கூட்டம் போடும். கீழ்வீட்டுக்காரர் ‘நான் மாடிப்பக்கமே போறதில்ல, நான் எதுக்குக் குடுக்கணும்’பாரு. மேல்வீட்டுக்காரர் ‘மாடி எல்லாருக்கும் பொது’ம்பாரு. ஐப்பசி மழை வர்ற மட்டும் பேசலாம். மழைத்தண்ணி தீர்மானத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காது. விரிசல் வழியா இறங்கி உள்கம்பியைத் தொடும். கம்பி துருவேறும். துருவுக்கு இரும்பை விட இடம் கூட வேணும். பருத்து, மேல இருக்க காங்கிரீட்டைப் பேத்துத் தள்ளும். ஒரு தட்டு ஓட்டைச் சரிபண்ணி முடிச்சிருக்க வேண்டிய சோலி, கம்பி மாத்துற சோலியா வளந்து நிக்கும். அன்னைக்குக் கூட்டத்துக்கு எல்லாரும் வருவாக. எதுக்கு? ‘போன செயலாளர் என்ன புடுங்கிக்கிட்டு இருந்தாரு’ன்னு கேக்கதுக்கு.

மூணாவது யோசனை. 2003ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேமிப்புக் கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. உம்ம கட்டடத்துலயும் அந்தக் குழி இருக்கு. மூடி மேல செருப்பு ஸ்டாண்டு வச்சிருக்கீக. அப்படியே இருக்கட்டும், தூர் வாரிராதேயும். 2019 கோடையில மெட்ராசே தண்ணி லாரிக்குக் குடத்தோட காத்துக் கிடந்துச்சே, அடுத்த வீட்டுக்காரரு பேரே அன்னைக்குத்தான பல பேருக்குத் தெரிஞ்சுது!

கார் நிறுத்துற தகராறையும் தீத்துவச்சிராதேயும். தூண் தளத்தையும் திறந்த இடத்தையும் பில்டர் தனியா விக்க முடியாது, அது பொது இடம்னு மும்பைக் கட்டட வழக்கு ஒண்ணுல 2010லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. அதைப் படிச்சுச் சொன்னா, தூணுக்குத் தூண் பெயிண்டுல நம்பர் எழுதி வச்சிருக்கவுகளுக்குப் பொழுது எப்படிப் போகும்?

ஒண்ணுல மட்டும் நான் விளையாட மாட்டேன். செப்டிக் டேங்கு நிறைஞ்சுபோச்சு, சல்லிசா ஒரு ஆளை உள்ள இறக்கிரலாம்னு எவனும் சொன்னா, அவன் வாயை அடையும். உள்ள இருக்கது விஷவாயு. 2013 சட்டப்படி பாதுகாப்பில்லாம ஆளை இறக்கது குற்றம். ஜெயிலுக்குப் பயந்துன்னு இல்லவே, ஒரு உசுருக்காகச் சொல்லுதேன். காசு கூட ஆனாலும் கழிவை உறிஞ்சுற லாரியைக் கூப்பிடும்.

அடுத்தது கணக்கு. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர்ல, ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்ன, பராந்தக சோழன் காலத்துல கல்லுல வெட்டி வச்சிருக்காக. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். குடத்துல ஓலை போட்டு ஆளு எடுக்கணும். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடப்புடாது. அவன் சொந்தக்காரன் பேரையும் போடப்புடாது. உங்க கட்டடத்துல அந்தச் சட்டத்தைக் கொண்டாந்தா குடத்துக்குள்ள காத்துதான் இருக்கும். அவுக ஏரியைக் காக்க வாரியம் வச்சாக. நீங்க குட் மார்னிங் அனுப்ப வாட்ஸ்அப் குரூப்பு வச்சிருக்கீக.

நான் சொன்னபடி நடந்தீருன்னா கொஞ்ச வருசத்துல மராமத்துச் செலவே இருக்காது. கட்டடமும் இருக்காது. அதுக்கும் அரசாங்கம் வழி பண்ணி வச்சிருக்கு. 2022ல போட்டு 2024ல நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர் சம்மதிச்சாலே இடிச்சுக் கட்டலாம். அன்னைக்கு உம்ம கையில மிஞ்சுறது பத்திரத்துல எழுதுன பிரிபடாத மனைப்பங்கு ஒண்ணுதான். அது எங்க இருக்குன்னு கயிறு பிடிச்சுக் காட்டும் பாப்போம்! தூணுக்கடியிலயும் இருக்கு, செருப்பு ஸ்டாண்டுக்கடியிலயும் இருக்கு. இது தெரியாமத்தான் ‘என் கதவுக்கு வெளிய நடக்கதுக்கு நான் எதுக்குக் காசு தரணும்’ங்கான். அவன் வீடே அந்த வெளிய மேலதானவே நிக்கு!

கெடுக்க மனசு வரலேன்னா ஒரே ஒரு சோலி செய்யும். மாசா மாசம் வரவு, செலவு, பாக்கி மூணையும் ஒரே தாள்ல எழுதி லிஃப்டுக்குள்ள ஒட்டும். ஏறி இறங்குற நேரத்துல எல்லாரும் படிச்சுருவாக. வெக்கம் வந்தவன் கட்டிருவான், வராதவனுக்கு நோட்டீசு அனுப்பும்.

பாக்கியில மொதப் பேரு யாருதுன்னு வாட்ச்மேன் எங்கிட்ட சொல்லிட்டாரு. உம்ம அத்தைக்கு இன்னும் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள கட்டிரும் மருமவனே. ரசீதுல கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைய வேண்டாம், செயலாளரும் நீருதான!